படிக்க முடியாவிட்டால் சரி

நவம்பர் 17, செவ்வாய்

காலையில் பனி. ஏழரை வரை எதிர் வீட்டு மொட்டைமாடி தெரியவில்லை. ஓசூர் குளிரைப் பற்றி எங்கள் ஊர் அருப்புக்கோட்டையில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அங்கே இப்போதும் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

குழாய்த் தண்ணீர் ஐஸ். கப் ஆறப்போடும் வாளியில் இரண்டு சொம்பு வெந்நீர் கலந்தேன். போன வாரம் சோம்பல்பட்டு அப்படியே போட்டதில் இரண்டு கப் 'டிங்' என்று விரிசல் விட்டது. கப்பில் போட்டோ பதிக்கிற மெஷினிலிருந்து எடுத்ததைச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் போடக்கூடாது. அப்படியே விட்டும் வைக்கக்கூடாது. வைத்தால் மை சூட்டில் பரவிக்கொண்டே போய் மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு வரும். வெதுவெதுப்புத் தண்ணீர்தான் சரி.

இன்று:
பிறந்தநாள் கப் 4. 180 டிகிரி, 200 செகண்டு. நன்று.
கல்யாண நாள் 1. கைப்பிடி ஓரம் வெளுப்பு. லீவர் தளர்ந்திருந்தது. வேறு கப்பில் மறுபடி போட வேண்டும்.
கரண்ட் கட் 10 முதல் 12. (இனிமேல் க.க. தினமும் முழுசாக எழுதக் கை வலிக்கிறது.)

இந்த டைரி டிகிரியும் செகண்டும் குறிக்கத்தான் ஆரம்பித்தது. எட்டு மாதத்தில் டிகிரியைவிடப் புலம்பல் அதிகமாகிவிட்டது. இருக்கட்டும். யார் படிக்கப்போகிறார்கள்.

சரசு ஏழு மணிக்கே கார்மெண்ட்ஸ் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கர்நாடக எல்லை தாண்டி அத்திபெலே வரை போகணும். போகும் முன் ஐந்து கப்புக்கும் பேப்பரைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்தாள். என் இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும்தான். டேப் இழுக்கும்போது மற்ற இரண்டின் அருமை தெரியும். நான் ஒட்டினால் கப்புக்குப் பத்து நிமிடம். அவள் வாயில் ஹேர்பின்னை வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஒட்டுகிறாள். பெண்டாட்டி புண்ணியத்தில் தொழில் ஓடுகிறது.

மத்தியானம் பழனி. பழைய கம்பெனியில் என் ஷிஃப்ட். தர்மபுரிக்காரன், உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டான். ஒரு பை ராயக்கோட்டைத் தக்காளி கொண்டுவந்தான்.

"சேகரு, முப்பது கப்பு வேணும். மாதப்பண்ணன் ரிடேர்டு ஆவறாரு. முப்பதாந்தேதி கடைசி நாளு. செக்‌ஷன்ல இருக்கற அத்தினி பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. அவரு போட்டோ, கீழ ஒரு வரி. அன்னிக்கி டீ டைம்ல எல்லாரும் அதுலதான் குடிக்கணும், அவரு கண்ணு முன்னால."

தக்காளிப் பையை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். சரி என்றேன்.

"கன்னடத்துல போட்றலாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அவரு பாஷயில இருந்தா அவருக்கும் ஒரு சந்தோசம்தானே. 'மாதப்பண்ணா, சென்னாகிரி'ன்னு. நல்லா இருங்கன்னு அர்த்தமாம். அத்திபெலேல டைப்பு அடிச்சி கொண்டாந்து தரன்."

செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்: "நீயும் வரணும். கேட்டுக்கு வெளிய டீக்கடையில நின்னாக்கூட போதும். அவரு ஊருக்குப் போயிட்டாருன்னா அவ்ளோதான். அங்க டவரே எடுக்காது."

அவன் போன பிறகு கல்யாண நாள் கப்பை மறுபடி போட்டேன். நன்றாக வந்தது.

நவம்பர் 18, புதன்

தூறல். க.க. 2–4. ஆர்டர் ஒன்றும் இல்லை. மெஷின் துடைத்தாயிற்று. எண்ணெய் போட்டாயிற்று. துடைக்க வேறு எதுவும் இல்லாததால் இதை எழுதுகிறேன். ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும்.

நாலரை வருஷம் முன்னால். 63 டன் பவர் பிரஸ். ஷீட் சரியாக உட்காரவில்லை என்று இடது கையை உள்ளே விட்டேன். விடக்கூடாது என்று சுவரில் மூன்று பாஷையில் எழுதியிருந்தது. விட்டேன். மேலிருந்து இறங்குகிற ராம் என்ற இரும்புக் கட்டை பாதியில், என் கைக்கு மேல், மாட்டிக்கொண்டு நின்றது.

எல்லாரும் கத்தினார்கள். சுவிட்சைப் போடு, மேலே தூக்கு என்று. ஒருத்தன் போடவே ஓடினான். மாதப்பண்ணன் அவன் கையைத் தட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டால் ராம் முழுசாகக் கீழே இறங்கிவிட்டுத்தான் மேலே ஏறும். அது அவருக்குத் தெரியும். பிரஸ் மெஷின்கள் ஓடும் ஷாப் மொத்தத்துக்கும் மெயினை அணைத்தார். ஃப்ளைவீல் சக்கரத்தில் கம்பியைக் கொடுத்துக் கையாலேயே பின்பக்கமாகச் சுற்றினார். நூல் நூலாக மேலே ஏறியது. ஐந்து நிமிடம் என்கிறான் பழனி.

எல்லா மெஷினும் நின்றுபோய், அந்த ஷாப்பில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. அதில் என் குரல் மட்டும். ஐந்து நிமிடமும் அவரைத் திட்டினேன். சுவிட்சைப் போடவிடாமல் வேண்டுமென்றே வதைக்கிறார் என்று நினைத்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் அம்மாவைத் திட்டினேன். அவர் பாஷையைத் திட்டினேன். அந்த வார்த்தைகளை இந்த டைரியில்கூட எழுத மாட்டேன்.

டாக்டர் பிறகு சொன்னார், முழுசாக இறங்கியிருந்தால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்று. இரண்டு விரலோடு போயிற்று.

மாதப்பண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சு. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வலி என்று சரசு சமாளித்தாள். வலி இல்லை, வெட்கம். ஆரஞ்சை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு சரி. பிறகு ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பழக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முப்பத்தெட்டு வயதில், ஆப்பிள் பெட்டிக்குப் பின்னால்.

இப்போது வீட்டில் இருப்பதும் பிரஸ்தான், குக்கர் அளவு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'பிரஸ் ஒர்க்' என்றே சொல்கிறேன். பொய்யில்லை. முதல் மாதம் லீவர் மூடும் 'டக்' சத்தத்துக்கு இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். இப்போது போவதில்லை. கப்பின் கைப்பிடியைப் பிடிக்க மூன்று விரல் தாராளம். அந்த மூன்றும் அவர் கொடுத்தது.

இதை அவரிடம் சொல்ல வேண்டும். முப்பதாம் தேதிக்குள்.

நவம்பர் 19, வியாழன்

வெயில், ஆனால் உறைக்காத வெயில். க.க. 8–10.

பழனி சி.டி. கொடுத்துவிட்டுப் போனான். போட்டோ நன்றாக இருக்கிறது. யாரோ டீக்கடையில் செல்போனில் எடுத்தது. மா. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி மூக்கு நுனியில், கையில் மடித்த பேப்பர். தலை முழுக்க நரைத்துவிட்டது. மீசை மட்டும் கறுப்பு. ஸ்க்ரீனில் அவர் முகத்தைப் பார்க்கும்போதே எழுந்து நிற்கத் தோன்றியது.

கீழே கன்னட வரி. உருண்டை உருண்டையாக, அழகு. எனக்குக் கன்னடம் காய்கறி வாங்கும் அளவுக்குப் பேச வரும். படிக்க ஒரு எழுத்தும் தெரியாது.

க.க. முடிந்து கரண்ட் வந்தபோது கம்ப்யூட்டர் மறுபடி ஆரம்பத்திலிருந்து எழுந்தது. அது கிடக்கிறது, தினமும் நடப்பதுதான். அப்புறம் பேப்பரில் பிரிண்ட் எடுத்தேன்.

சுவரில் ஒட்டியிருக்கும் என் விதிகளை ஒருமுறை படித்துக்கொண்டேன். தொழில் ஆரம்பித்தபோது எழுதியது:

1. கப்பை ஈரத்துணியால் துடை. விரல் ரேகை இருந்தால் விரல் ரேகையும் பிரிண்ட் ஆகும்.
2. பேப்பரில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்க வேண்டும். அப்போதுதான் கப்பில் நேராக விழும். அதனால் பேப்பரைப் படித்துப் பார். படிக்க முடிந்தால் தப்பு. படிக்க முடியாவிட்டால் சரி.
3. பீப் அடித்ததும் பேப்பரை உரி. போன் வந்தாலும் எடுக்காதே.
4. வெதுவெதுத் தண்ணீர்.

பேப்பரைப் படித்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. சரி.

நவம்பர் 20, வெள்ளி

14 கப். 180, 200. எல்லாம் நன்று. லீவரை அரைச்சுற்று இறுக்கியதில் கைப்பிடி ஓரம்கூட முழு நிறம்.

பேப்பரில் இருக்கும்போது நிறமெல்லாம் பலமுறை துவைத்த லுங்கிபோல் மங்கிக் கிடக்கும். சூடு பட்டு, பேப்பரை உரிக்கும் அந்த நொடியில்தான் உயிர் வரும். எட்டு மாதமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. இன்று பதினான்கு தடவை மா. அண்ணன் மீசை கறுத்தது.

சரசு சாயங்காலம் வந்ததும் காலைக்கூட நீட்டாமல் நாளைக்கு உள்ளதை ஒட்ட உட்கார்ந்தாள். ஒட்டிக்கொண்டே: "இந்தத் தடவயாவது போயி பேசிருங்க. எத்தன நாளைக்குத்தான் மனசுல வச்சுக்கிட்டு அல்லாடுவீங்க?"

பார்க்கலாம் என்றேன்.

"பார்க்கலாம்னா போகமாட்டீங்கன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?"

நவம்பர் 21, சனி

16 கப். முடிந்தது! முப்பதில் ஒன்றுகூடப் பழுதில்லை. இதுவரை இப்படி நடந்ததே இல்லை. ஜன்னல் ஓரப் பலகையில் வரிசையாக வைத்து நின்று பார்த்தேன். இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார். மனசு நிறைந்து இருக்கிறது. க.க.கூட இன்று இல்லை. ஆண்டவன் கண் திறந்திருக்கிறான்.

நவம்பர் 22, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. ரத்னம்மா மோட்டார் போடச் சொல்ல வந்தார். வீட்டுக்கார அம்மா, மாடியில் இருக்கிறார். பிறந்தது ஆனேக்கல். வீட்டில் பேசுவது தெலுங்கு, படித்தது கன்னடம், எங்களிடம் தமிழ், அதில் 'இருக்கு' மட்டும் கன்னடத்து 'இதெ'. கப் வரிசையைப் பார்த்து நின்றார். கண்ணைச் சுருக்கினார்.

"ஏன் சேகரு இது? எல்லாம் உல்டா இதெ!"

என்ன என்றேன்.

"எழுத்து உல்டாப்பா. எடமிருந்து வலம் போகாம வலமிருந்து எடம் போகுது." ஒரு கப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் பிடித்தார். "மாதப்பண்ணா, சென்னாகிரி. ஆங், கண்ணாடில சரியா இதெ."

கம்ப்யூட்டர் வியாழக்கிழமை அணைந்து எழுந்தபோது, படத்தைத் திருப்புவதற்கு நான் போட்டுவைத்திருந்த டிக் போய்விட்டிருக்கிறது. மற்ற நாளில் போனால் தமிழ் எழுத்தைப் படித்ததுமே தெரிந்துவிடும். பேப்பரில் எழுத்து நேராகவே வந்திருக்கிறது. நான்தான் படித்துப் பார்த்தேனே! படிக்க முடியவில்லை, சரி என்றேனே! கன்னடத்தை நேராக வைத்தாலும் திருப்பி வைத்தாலும் எனக்குப் படிக்க முடியாது என்பது இந்த மண்டைக்கு ஏன் உறைக்கவில்லை? விதி எழுதிய புத்திசாலியைப் பிடித்து உதைக்க வேண்டும்.

சரசு முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு முடியவில்லை. சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கண்ணாடி முன்னாடி நின்னு டீ குடிக்கச் சொல்லுங்க முப்பது பேரையும்."

எனக்குக் கோபம். இட்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத் தின்றேன், ஆறு.

ர. அம்மா மட்டும் வராமல் இருந்திருந்தால்! முப்பது பேர் கையிலும் அவர் பெயரைத் திருப்பிப் போட்டுக் கொடுத்து, முன்னே திட்டியது போதாதென்று கேலியும் செய்தான் என்று ஆகியிருக்கும். அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம். இப்போதைக்கு மோட்டார் போட்டேன்.

மிச்சம் இருக்கும் வெறும் கப் மூன்று. இந்தக் கப் கடையில் கிடைக்கிற சாதாரணக் கப் இல்லை. மேலே கோட்டிங் இருந்தால்தான் மை பிடிக்கும். பெங்களூரில்தான் வாங்க வேண்டும். இன்று ஞாயிறு, கடை இல்லை. என்னால் இன்னும் கூட்டப் பஸ்ஸில் ஒரு கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. சரசுதான் சொன்னாள்:

"செவ்வாக்கெழம அரைநாள் பர்மிஷன் போடுறேன். அத்திபெலேல இருந்து பெங்களூரு பஸ்ஸுதான. நான் போயி வாங்கிட்டு வாரேன். சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காதீங்க."

நவம்பர் 23, திங்கள்

பனி. க.க. 12–2.

விதி 2-ஐ அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: பேப்பரைப் படித்துப் பார். உனக்குத் தெரியாத பாஷை என்றால் தெரிந்தவரிடம் காட்டு.

வேலை இல்லாததால் கண்ணாடி முன்னால் நின்று மா. அண்ணனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணா, நீங்க செஞ்ச உதவிய..." மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. "அண்ணா, அன்னைக்கு..." அங்கேயே விட்டுவிட்டுத் தலை சீவ ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு முன்னாலேயே இந்த லட்சணம்.

யோசனை ஒன்று. என் வகையில் தனியாக ஒரு கப், அவருக்கு மட்டும். சொல்ல வராததைக் கப்பில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் போதும். அவரே படித்துக்கொள்வார். நான் வாய் திறக்க வேண்டாம். நல்ல யோசனை.

நவம்பர் 24, செவ்வாய்

சரசு ஆறு மணிக்கு வந்தாள், மடியில் பெட்டியோடு மூன்று பஸ் மாறி. கண்டக்டர் பெட்டிக்குத் தனி டிக்கெட் கேட்டாராம். "பாரு, மடியிலதான் வச்சிருக்கேன், கொழந்தைக்கு டிக்கெட் கேப்பியா?" என்று தமிழில் கேட்டாளாம். அவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்ததாம். என்ன சொன்னார் என்று அவளுக்கும் தெரியாது.

36 கப். நான்கு உடைசல். பரவாயில்லை.

எங்கள் பக்கம் வீட்டுக்குள் யாரும் நன்றி சொல்வதில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நன்றி சொன்னால் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள். வெந்நீர் போட்டு ஒரு வாளியில் கலந்து அவள் காலடியில் வைத்தேன். எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன, கப்பு ஆறப்போடவா?"

கால் வைக்க என்றேன். இரண்டு காலையும் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 25, புதன்

ர. அம்மா காலையிலேயே கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். பேப்பரை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் படித்து, "சரி, ஓட்டு" என்று சொன்ன பிறகுதான் முதல் கப். கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்கூட இவ்வளவு கறார் இல்லை.

11 கப். நன்று.
1 கப்: 120-வது செகண்டில் கரண்ட் போயிற்று. இன்றைய நேரம் 4–6 என்று சொன்னார்கள், 3.40-க்கே போனது. மா. அண்ணன் பாதி நிறத்தில், ஆவி மாதிரி வந்தார். பழுது.

நவம்பர் 26, வியாழன்

12 நன்று. 2 பழுது. ஒன்றில் பேப்பர் நகர்ந்து மீசை இரட்டை. இன்னொன்று தண்ணீரில் 'டிங்'. அவசரத்தில் வெந்நீர் கலக்க மறந்தேன். விதி எழுதுவதற்கு மட்டும் குறைச்சல் இல்லை.

நவம்பர் 27, வெள்ளி

7 நன்று, 1 பழுது. முப்பது முடிந்தது. ர. அம்மா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் படித்துவிட்டுத்தான் மாடி ஏறினார். முப்பது தடவை "சென்னாகிரி, சென்னாகிரி" என்று. யாராவது முப்பது தடவை நல்லா இருங்க என்று சொல்லக் கேட்பது நன்றாகவே இருக்கிறது, நமக்கில்லை என்றாலும்.

மிச்சம் வெறும் கப் ஒன்றே ஒன்று. என்னுடையது.

ர. அம்மாவிடம் கேட்டேன், கன்னடத்தில் நன்றிக்கு என்ன வார்த்தை.

"தன்யவாதா. ஆனா அது மீட்டிங்ல மைக் புடிச்சி சொல்றது. மனுஷாளுக்கு மனுஷாள் யாரு அப்படிச் சொல்வாங்க? யாருக்கு சொல்லணும்?"

கையைக் காட்டினேன். கதையைச் சொன்னேன். திட்டியதையும் சொன்னேன். சரசுவுக்கும் டாக்டருக்கும் அடுத்து நான் இதைச் சொன்ன முதல் ஆள் இவர்தான். பிறகு ஒரு பேப்பர் கேட்டு வாங்கி, பேனாவை உதறி, நிதானமாக எழுதினார்.

"தும்பா உபகாரா ஆயித்து. இப்படித்தான் சொல்றது. பெரிய உபகாரமா ஆச்சுன்னு. தமிழ்லயும் உபகாரம்தானே?"

ஆமாம், உபகாரம்தான். இத்தனை நாள் தேடிய வார்த்தை இரண்டு பாஷையிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அன்று அவர் பாஷையைச் சேர்த்துத்தானே திட்டினேன். அதே பாஷையில் இது இருக்கட்டும்.

டைப் அடிக்கவில்லை. ர. அம்மா கையெழுத்தே போதும். நாளை நெட் சென்டரில் ஸ்கேன்.

நவம்பர் 28, சனி

ஸ்கேன் ஆயிற்று. ர. அம்மா பார்த்துச் சரி சொன்னார். கரண்ட் வந்து அரை மணி கழித்து, இனிப் போகாது என்று தெரிந்த பிறகு போட்டேன். லீவரை மூடும் முன் பேப்பர் நகராமல் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். கப் ஒன்றுதான் இருக்கிறது.

180, 200. பீப். உரித்தேன். வெள்ளைக் கப்பில் நீல எழுத்து, அந்த அம்மா பேனாவை அழுத்திய இடத்தில் தடித்து, தூக்கிய இடத்தில் மெலிந்து. வெதுவெதுத் தண்ணீரில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 'டிங்' இல்லை.

நவம்பர் 29, ஞாயிறு

பழனி முப்பதையும் எடுத்துக்கொண்டு போனான். உல்டா கப்பில் ஒன்றை ர. அம்மா டூத் பிரஷ் வைக்க எடுத்துக்கொண்டார். கண்ணாடிக்கு முன்னால்தான் வைப்பாராம், தினமும் பல் தேய்க்கும்போது நேராகத் தெரியுமாம்.

பழனி போகும்போது: "மாதப்பண்ணன் ஊர்ல கேவுரு அறுப்பு, அதான் உங்கூரு கேப்பை. தேன்கனிக்கோட்டையில இறங்கி இன்னும் உள்ள போவணும். யானை எறங்குதாம், போயி காவல் இருக்கணும்னு நாளைக்கே கெளம்பறாரு. மூணரைக்கு ஷிஃப்ட்டு விடும். வரியா?"

வரேன் என்றேன். சரசு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். 'பார்க்கலாம்' என்று சொல்லாததால்.

நவம்பர் 30, திங்கள்

வெயில். க.க. எப்போது என்று கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கே டீக்கடைக்குப் போய்விட்டேன். நாலரை வருஷத்துக்குப் பிறகு அந்த கேட். வாட்ச்மேன் புதுசு. ஸ்வெட்டர் பையில் இடது கை. வலது கையில் கப், பழைய பேப்பரில் சுற்றியது.

மூன்றரைக்கு சைரன். கும்பலாக வந்தார்கள், கையில் ஆளுக்கொரு கப். நடுவில் அவர். கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், தோளில் துணிப்பை. நேராக என்னிடம் வந்தார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி.

"ஏன் சேகரு, சென்னாகித்தியா?"

நல்லா இருக்கேண்ணா என்றேன். கப்பை நீட்டினேன். பேப்பரைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கினார். கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்னப்பா எழுதிருக்குது?"

"கன்னடம்ணா."

"கன்னடம்னு தெரியுது." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அது பேசத்தான் வரும்பா. படிக்க வராது. நான் படிச்சது தமிழ் ஸ்கூலு, அஞ்சாங்கிளாஸு. உள்ள இவனுங்க முப்பது கப்ப நீட்டனானுங்க. என்னா போட்ருக்குதோன்னு எல்லாத்துக்கும் தலையாட்டினு வந்தன்."

பழனி வாயைத் திறந்தபடி நின்றான். நான் அவன் கையிலிருந்த கப்பைப் பார்த்தேன். போட்டோவில் மா. அண்ணன் மடித்துப் பிடித்திருக்கும் பேப்பர், பொடி எழுத்து. தமிழ்ப் பேப்பர். முப்பது கப்பிலும், உல்டா முப்பதையும் சேர்த்தால் அறுபது கப்பிலும் தமிழ்ப் பேப்பர்தான் படித்துக்கொண்டிருக்கிறார். ஒருத்தன் கண்ணிலும் படவில்லை.

"நீ போட்டதுதானே, நீயே படி," என்று கப்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறேன். ஸ்வெட்டர் பையிலிருந்து இடது கை எப்போது வெளியே வந்தது என்று தெரியவில்லை. எனக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். எழுத்தைப் பார்த்தபடியே சொன்னேன், முகத்தைப் பார்த்தால் வராது என்று.

"தும்பா உபகாரா ஆயித்து."

பிறகு நிமிர்ந்து, கப்பில் இல்லாததையும் சொன்னேன். "அன்னைக்கு உங்களத் திட்டினேன்ணா. அசிங்கமாத் திட்டினேன். மன்னிச்சுருங்க."

அவர் என் இடது கையைப் பிடித்தார். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தார், பிரஸ்ஸில் டை சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கிற மாதிரி.

"மூணும் நல்லா வேலை செய்யுதா?"

"செய்யுதுண்ணா."

"அப்பறம் என்னா." கப்பை வாங்கி டீக்கடைக்காரரிடம் நீட்டி, இதுல ஊத்து என்றார். ஊற்றி வாங்கி முதல் வாய் குடித்த பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி:

"திட்டினியா நீ? மிஷினு சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலயே சேகரு."

மெயினை அணைத்தது அவர்தான். அந்த ஐந்து நிமிடமும் ஷாப்பில் ஒரு மெஷினும் ஓடவில்லை.